வடசென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை: ஆறு, கடல், ஏரி, ஏலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் சுற்றிப் பார்க்க இயற்கை என்று என்ன இருக்கிறது?

கொசஸ்தலை ஆறு இருக்கிறது. மற்றதெல்லாம் அதிலிருந்து தொடங்குகிறது. மேற்கே பூண்டி ஏரிக்கு வந்து, அங்கிருந்து கிழக்கே ஓடி, மணலிப் பக்கம் திரும்பி, எண்ணூரில் கடலில் சேரும் ஆறு இது. சென்னையின் ஆறுகள் என்றால் கூவத்தையும் அடையாற்றையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். மூன்றிலும் பெரியது இதுதான். இதன் முகத்துவாரத்தில் சதுப்பு, உப்பளம், அலையாத்திக் காடு மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. வடக்கே போனால் பழவேற்காடு ஏரி. உள்ளே வந்தால் புழல், சோழவரம், ரெட்டேரி. கரையோரமாக காசிமேடு முதல் காட்டுப்பள்ளி வரை மீனவக் குப்பங்கள்.

புகைபோக்கியும் கண்டெய்னர் லாரியும்தான் வடசென்னை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை கும்மிடிப்பூண்டி ரயிலில் எண்ணூர் தாண்டிப் போக வேண்டும். அத்திப்பட்டு புதுநகர் வருவதற்குள் ரயில் தண்ணீரைக் கடக்கும். அந்த இரண்டு நிமிடம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு எப்படிப் போவது? எப்போது போகலாம்?

சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி வழியில் போகும் புறநகர் ரயிலில் எண்ணூரில் இறங்குங்கள். அங்கிருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கும். மெட்ரோவில் வருபவர்கள் விம்கோ நகர் வரை வந்து பஸ் பிடிக்கலாம். வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ 2021 பிப்ரவரியில் திறந்தது. அதற்கப்புறம் தென்சென்னையிலிருந்து வருபவர்களுக்குப் பெரிய அலைச்சல் இல்லை.

நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை நல்ல பருவம். காலை ஆறரைக்குள் அங்கே இருங்கள். ஒன்பதுக்கு மேல் வெயிலும் லாரிப் புழுதியும் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் போனால் இன்னும் நல்லது. சேறு வெளியே தெரியும்போதுதான் பறவைகள் மேய இறங்கும். கடல் ஏற்றவற்ற நேரத்தை போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். கரையில் வலை காய வைத்துக்கொண்டிருப்பவரிடம் கேட்டால் அதைவிடச் சரியாகச் சொல்வார்.

அங்கே போய் எதைப் பார்ப்பது? எனக்குப் பறவை பெயரெல்லாம் தெரியாதே?

தெரிய வேண்டாம். முதல் தடவை மூன்று பறவைகளைப் பார்த்தால் போதும்.

ஒன்று, கூழைக்கடா. பெரிய உடம்பு, அலகுக்குக் கீழே தொங்கும் பை. கழிமுகத்தில் மூங்கில் கழிகளின் மேலோ தண்ணீரிலோ இருக்கும். இரண்டு, பவளக்கால் உள்ளான். இளஞ்சிவப்புக் கால் உடம்பைவிட நீளமாகத் தெரியும், அதனால் தப்பவே தப்பாது. மூன்று, செம்பருந்து. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு, படகுகளுக்கு மேலே வட்டமிடும். இந்த மூன்றும் கண்ணுக்குப் பழகிவிட்டால் மற்றவை தானாக வரும்: ஆலா, சங்குவளை நாரை, நீர்க்காகம், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் உள்ளான் வகைகள்.

அப்புறம் அலையாத்தி. இங்கே அதிகம் இருப்பது வெண்கண்டல். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் நீளத்துக்குக் குச்சி குச்சியாக நிமிர்ந்து நிற்பவை அதன் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் வேர் மேலே வந்து சுவாசிக்கிறது. வேரில் வடிகட்டியது போக உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். மழையில்லாத நாளில் இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் உப்புப் பொடி மின்னுவது தெரியும். இறாலும் நண்டும் குஞ்சாக இருக்கும்போது ஒதுங்குவது இந்த வேர்களுக்கு இடையில்தான். கடலில் பிடிபடும் இறாலில் பலவும் இப்படிப்பட்ட கழிமுகத்தில் வளர்ந்து வெளியேறியவை.

கடைசியாக, இடுப்பளவுத் தண்ணீரில் மனிதர்கள் நகர்வதைக் கவனியுங்கள். வலை இருக்காது, தூண்டில் இருக்காது. இருளர் மக்கள் கையால் இறால் பிடிக்கும் முறை அது. தண்ணீருக்குள் இரண்டு கையையும் விரித்துச் சேற்றைத் தடவிக்கொண்டே மெல்ல முன்னேறுவார்கள். இறால் விரலில் படுகிற கணத்தில் அமுக்கி, பல்லில் கடித்துப் பிடித்திருக்கும் பறிக்குள் போட்டுவிட்டு, கை மறுபடி சேற்றுக்குள் போய்விடும். பறி என்பது ஓலையில் பின்னிய பை. எங்கே கால் வைக்கலாம், எந்த இடத்துச் சேற்றில் எந்தப் பருவத்தில் இறால் ஒதுங்கும் என்கிற படிப்பெல்லாம் அந்த விரல்களில் இருக்கிறது. நகரத்துக்குள் இன்னும் இப்படி ஒரு தொழில் நடக்கிறது என்பது சென்னையில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. கிட்டே போய் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். அது அவர்கள் சோற்றுக்கு வேலை செய்யும் நேரம்.

தண்ணீர் சுத்தமா? இறங்கிக் குளிக்கலாமா?

சுத்தமில்லை. குளிக்க வேண்டாம். கால் நனைந்தால் நல்ல தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அனல் மின் நிலையச் சாம்பல் பல வருடங்களாகக் குழாய் உடைப்புகளில் கசிந்து கழிமுகத்தில் படிந்திருக்கிறது. ஆழமாக இருந்த இடங்கள் மேடாகிவிட்டன. 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் பரவியது. படகு, வலை, அலையாத்தி வேர், கூழைக்கடாவின் சிறகு என்று எல்லாம் கறுப்பாகிவிட்டது. வாரக்கணக்கில் தொழிலுக்குப் போக முடியாமல் குப்பங்கள் முடங்கின.

'அழிந்துபோன இடம், அங்கே என்ன பார்ப்பது' என்று ஒதுக்குவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இவ்வளவுக்கும் பிறகு அங்கே இறால் வருகிறது, பறவை வருகிறது, மக்கள் தொழில் செய்கிறார்கள். ஒன்றுமில்லாத இடம் என்று பெயர் வந்துவிட்டால், மிச்சத்தையும் மூடிவிடுவது சுலபம்.

'காக்கா ஆழி' என்கிறார்களே, அது என்ன?

தென் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு வகைக் கறுப்புச் சிப்பி. கப்பல்களோடு வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் தரையில் மெத்தையாகப் படர்ந்துவிட்டது. அதன் அடியில் மஞ்ச மட்டி என்ற சிப்பி மூச்சு முட்டிச் சாகிறது. இறால் சேற்றுக்குள் பதுங்க வழியில்லை. கையால் இறால் பிடிப்பவர்களின் விரலையும் காலையும் ஓடு கிழிக்கிறது. மூங்கில் கழியிலோ பழைய கயிற்றிலோ கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். வேடிக்கைக்காகக்கூட எடுத்து வேறு தண்ணீரில் போட்டுவிடாதீர்கள்.

பக்கிங்காம் கால்வாயில் அந்தக் காலத்தில் படகு போனது உண்மையா?

உண்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டினார்கள். பிறகு பழவேற்காட்டைத் தாண்டி ஆந்திரம் வரை நீண்டது. 1876–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைக் கூலிக்கு வெட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் 163 கிலோமீட்டர். விறகு, உப்பு, நெல் எல்லாம் இதில் படகில் நகருக்கு வந்தன. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் இன்று அதைச் சாக்கடை என்றுதான் பிள்ளைகள் அறிவார்கள். பாலத்தைக் கடக்கும்போது ஒருமுறையாவது இதைச் சொல்லுங்கள்.

திருவொற்றியூர் கரையில் மணலைவிடப் பாறாங்கல்தான் அதிகம் இருக்கிறதே, ஏன்?

மெரினா அகலமாக இருப்பதற்கும் இதற்கும் ஒரே காரணம்தான். நம் கரையோரம் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். 1870களின் பின்பாதியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. அதனால் மெரினா வளர்ந்தது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் வந்து எடுத்துக்கொண்டே போனது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை எத்தனையோ தெருவும் வீடும் தண்ணீருக்குள் போய்விட்டன. அதைத் தடுக்கத்தான் பாறாங்கல்லும் தூண்டில் வளைவும். தூண்டில் வளைவு என்பது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் கரை. இரண்டு வளைவுக்கு நடுவில் கொஞ்சம் மணல் சேரும். அந்த இடங்களில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

மெரினாவில் உட்கார்ந்து காற்று வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. அந்த மணலில் வடசென்னையின் பங்கும் இருக்கிறது.

கல்லின் மேல் நின்று செல்ஃபி வேண்டாம். பாசி வழுக்கும், இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். பட்டினத்தார் சமாதி கடலோரம்தான். மாலையில் அங்கே போனால் காற்றும் கிடைக்கும், பாதுகாப்பும் உண்டு.

காசிமேட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகலாமா?

தாராளமாக. விடியற்காலையில் போங்கள். விசைப்படகு வந்து இறக்கியதும் ஏலம் தொடங்கிவிடும். ஏலம் விடுபவர் வேகத்துக்கு எண்களைப் பிடிக்கவே முதலில் சிரமமாக இருக்கும். மொத்த வியாபாரிகள் எடுத்த பிறகு சில்லறை விற்பனை. தரையில் கூறு கட்டி வைத்திருப்பார்கள். வஞ்சிரம், வவ்வால் விலை ஏறியிருந்தால் சங்கராவையும் கானாங்கெளுத்தியையும் பாருங்கள். குழம்புக்கு எனக்குக் கானாங்கெளுத்திக்கு மிஞ்சி ஒன்றுமில்லை. மீன் வாங்கியதும் அரிவாள்மணையோடு உட்கார்ந்திருக்கும் அக்காக்களிடம் கொடுத்தால் சுத்தம் செய்து தருவார்கள். கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

தரை எப்போதும் ஈரம். ரப்பர் செருப்பு போடுங்கள், புடவையையும் பேண்ட்டையும் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐஸ் வண்டி வரும்போது 'வழி, வழி' என்று குரல் கேட்டால் உடனே ஒதுங்குங்கள். அவர்களால் சட்டென்று நிறுத்த முடியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் படகு மீன் மட்டும் வரும், விலையும் கூடுதல். மீன் இனப்பெருக்கத்துக்காக விடும் இடைவெளி அது. விலையைப் பார்த்து விற்கிற அம்மாவிடம் கோபப்படாதீர்கள்.

பழவேற்காட்டில் பூநாரை எப்போது வரும்?

பொதுவாக நவம்பருக்கு மேல் வந்து மார்ச் வரை இருக்கும். மழை எப்படி, ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்பதைப் பொறுத்து மாறும். ஆழம் அதிகமானால் அவற்றால் மேய முடியாது. தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, சேற்றோடு அள்ளி, அலகிலேயே வடிகட்டிச் சின்ன உயிர்களையும் பாசியையும் தின்னும் பறவை அது. இறகின் இளஞ்சிவப்பு அந்தத் தீனியில் இருந்து வருவது.

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் அண்ணாமலைச்சேரி படகுத்துறை நல்ல இடம். கூட்டம் கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் சூளூர்பேட்டையில் இருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை. ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர். ராக்கெட் தளம் வரை போக முடியாது, பறவைக்கு அதுவரை போகவும் தேவையில்லை. பக்கத்தில் நேலபட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும்.

பழவேற்காடு ஊருக்கு: பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ்.

அங்கே படகு சவாரி உண்டா?

கூப்பிடுவார்கள். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்த படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடை இல்லாத படகில், யார் எவ்வளவு வற்புறுத்தினாலும் ஏறாதீர்கள். பிள்ளைகள் அழுதாலும் சரி.

டச்சுக் கல்லறை பார்க்கத் தகுந்ததா?

கட்டாயம். 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கிடைத்த 1639க்கும் முந்திய கதை. சோழமண்டலக் கரையின் துணிக்காக வந்தவர்கள். அடிமை வியாபாரமும் செய்தார்கள் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். கோட்டையில் இன்று பார்க்க அதிகம் இல்லை. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். உள்ளே கல்லில் எழுத்தும் குலச்சின்னமும் அவ்வளவு கூர்மையாக இருக்கின்றன. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்து நன்றாகத் தெரியும்.

ஊருக்குள் பெண்கள் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் பின்னுகிறார்கள். வாங்கினால் பேரம் வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயனுள்ள ஒருநாள் பயணம்?

பூண்டி. வடசென்னைக்கு வெளியேதான், ஆனால் அதே ஆறு. திருவள்ளூரில் இருந்து பஸ்ஸில் போகலாம். அணைக்குப் பக்கத்தில் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. பக்கத்தில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கல் ஆயுதங்களைக் கண்டெடுத்தார்கள். தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் செய்த அகழாய்வில் அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் கணக்கிட்டார்கள். எண்ணூரில் இறால் பிடிக்கும் அதே ஆற்றின் மேல்பக்கத்தில், இன்றைய மனித இனம் தோன்றுவதற்கு முன்பே கல்லை உடைத்து ஆயுதம் செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய கதை எங்கே கிடைக்கும்?

கண்ணாடிக்குள் இருக்கும் கைக்கோடரியைப் பார்க்கும்போது, அது கையில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். தானாக உள்ளங்கையை விரித்துப் பார்ப்பார்கள். வெளியே நிலத்தில் கிடக்கும் கல் எதையும் எடுத்து வராதீர்கள். இடம் மாறிய கல்லால் எதையும் சொல்ல முடியாது.

பூண்டிக்குப் பக்கத்தில் உள்ள கூடியம் குகைக்குப் போக நினைப்பவர்கள் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். புதர்க்காட்டுக்குள் நல்ல நடை.

தூரம் போக நேரமில்லை. பக்கத்தில்?

ரெட்டேரிக் கரை. மாலையில் நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து பார்க்கலாம். மாதவரம் தாவரவியல் பூங்கா முதியவர்களோடு நடக்க வசதி. புழல் ஏரி குடிநீர் ஏரி, 1870களில் இருந்து நகரத்துக்குத் தண்ணீர் தருகிறது. கரையில் நின்று பாருங்கள், இறங்காதீர்கள்.

ஒரு வேண்டுகோள். கொளத்தூரில் வண்ண மீன் வாங்கி, வீடு மாறும்போதோ அலுத்துப்போனாலோ ஏரியில் விட்டுவிடுகிறார்கள். டேங்க் கிளீனர் என்று விற்கும் மீன் நம் ஏரிகளில் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேண்டாமென்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

வார இறுதியில் ஊர் கூடும் நிகழ்ச்சிகள் என்னென்ன?

மாதத்தைப் பொறுத்தது. ஆடி ஞாயிறுகளில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். சொம்பு எடுத்துக்கொண்டு போனால் யார் எவர் என்று கேட்காமல் ஊற்றுவார்கள். மாசியில் திருவொற்றியூர் தியாகராசர் கோயில் பிரம்மோற்சவம், கடற்கரையில் மாசி மகம். வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வந்தால் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூன்று பேரையும் ஒரே நாளில் தரிசிக்கக் கூட்டம் கிளம்பும். அன்றைக்கு பஸ்ஸில் இடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஆகஸ்ட் 22ஐ ஒட்டி சென்னை நாள் நடைகள் நடக்கும். ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் தொடங்கியது, நாட்டில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது. கொஞ்ச தூரத்தில் ராபின்சன் பூங்கா, 1949 செப்டம்பரில் திமுகவின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம். இரண்டையும் ஒரே காலையில் நடந்தே பார்க்கலாம்.

ஞாயிறு காலை வியாசர்பாடி மைதானத்தில் கால்பந்து. தெருமுனை மன்றங்களில் கேரம். உலக சாம்பியன் மரிய இருதயத்தைத் தந்த ஊர் சென்னை. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண். மன்றத்து வாசலில் நின்று பார்ப்பவர்களை யாரும் விரட்டுவதில்லை. நல்ல ஆட்டம் நடந்தால் பேசாமல் மட்டும் இருங்கள்.

இயற்கை ஆர்வம் உள்ளவர்களுக்கு இரண்டு: பொங்கல் விடுமுறை நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, அப்புறம் 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியின் களப் பயணங்கள்.

கையில் என்ன எடுத்துப்போக வேண்டும்?

தண்ணீர் இரண்டு பாட்டில், தொப்பி, பழைய செருப்பு, மங்கலான நிறச் சட்டை. பைனாகுலர் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி. கழிமுகத்தின் பக்கம் டீக்கடை உண்டு, கழிவறை கிடைப்பது கஷ்டம். பெண்கள் ரயில் நிலையத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது. துறைமுகம், மின் நிலையம், ரயில் பாலம் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். காவலர்கள் நிறுத்திக் கேட்பார்கள்.

பார்த்த பறவைகளை எங்கே பதிவு செய்வது?

இபேர்ட் செயலியில். இலவசம், பறவைப் பெயர்களைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். எத்தனை என்று எண்ணிப் போடுங்கள். தெரியாத பறவையை ஊகித்துப் போடாதீர்கள், 'உள்ளான் வகை' என்றாலே போதும். இடத்தைச் 'சென்னை' என்று பொதுவாகப் போடாமல், நின்ற இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறியுங்கள்: காட்டுக்குப்பம், முகத்துவாரப் பாலம், அத்திப்பட்டு உப்பளம் என்று. ஒரு பட்டியலைப் பதினைந்து நிமிடமாவது நின்று எடுங்கள். அடுத்த மாதமும் அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுங்கள். தென்சென்னைப் பள்ளிக்கரணைக்கு இப்படிப் பட்டியல்கள் குவிந்து கிடக்கின்றன. எண்ணூருக்கு இன்னும் வேண்டும்.